விழுந்தவர் திரும்பி வர வழி உண்டா? கிருபை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் வந்துவிட்டால் மனந்திரும்புதலைப் பற்றிப் பிரசங்கம் இல்லாத வாரம் இருக்காது. ஆனால் நிஜமான கேள்விகள் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போதுதான் வருகின்றன. "ஞானஸ்நானம் எடுத்த பிறகு இப்படிச் செய்துவிட்டேன், இனி அவ்வளவுதானா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அந்த மாதிரிக் கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வசனங்களை நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பின்படி தந்திருக்கிறேன்.

கிருபை என்றால் சுருக்கமாக என்ன?

தகுதியே இல்லாத ஒருவருக்குத் தேவன் காட்டும் தயவு. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று எபேசியர் 2:8 சொல்கிறது. இதை எழுதிய பவுல், ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றவர்களின் வஸ்திரங்களுக்குக் காவல் நின்றவர், வீடு வீடாக நுழைந்து விசுவாசிகளைச் சிறைக்கு இழுத்துப் போனவர். அப்படிப்பட்டவர் தன் தகுதியைப் பற்றி என்ன பேசிவிட முடியும்?

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாவத்தைத் தேவன் கண்டும் காணாமல் விட்டுவிட்டார் என்று கிறிஸ்தவ விசுவாசம் சொல்வதில்லை. அதற்கான விலையைக் கிறிஸ்து சிலுவையில் செலுத்தினார் என்றுதான் சொல்கிறது.

அப்படியானால் நற்கிரியைகளுக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது, ஆனால் வரிசை முக்கியம். அதே எபேசியர் 2-இல் பத்தாம் வசனத்தையும் வாசியுங்கள். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. முதலில் இரட்சிப்பு, அப்புறம் கிரியை. வரி வசூலில் மக்களை ஏமாற்றிய சகேயு வீட்டில் நடந்ததும் இதுதான். இயேசு அவன் வீட்டில் தங்க வந்த பிறகுதான் "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று அவன் எழுந்து சொல்கிறான். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா, அப்புறம் சாப்பிட வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கோ எதையும் திருப்பிக் கொடுக்க நேரமே இல்லை. அவனுக்கும் அன்றைக்கே பரதீசு கிடைத்தது.

இதில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்ட்டுகளுக்கும் பெரிய சண்டை உண்டே?

உண்டு, நானூறு ஆண்டுகளுக்கும் மேலான சண்டை. ஆனால் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் சம்மேளனமும், மனிதன் நீதிமானாக்கப்படுவது கிருபையினால்தான் என்ற அடிப்படையில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்தச் சபைகளும் சேர்ந்துகொண்டன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் "அவர்கள் கிரியையால் இரட்சிப்பு என்கிறவர்கள்" என்று மேடையில் ஒரே வரியில் தள்ளிவிடுவது நியாயமில்லை.

விசுவாசத்துக்கு வந்த பிறகு விழுந்தவருக்கும் கிருபை உண்டா?

வாசலில் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். பதிலுக்குப் பேதுருவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பேதுரு புதிதாக வந்தவர் அல்ல. மூன்று ஆண்டுகள் இயேசுவின் கூடவே நடந்தவர், "நீர் கிறிஸ்து" என்று முதலில் அறிக்கை செய்தவர். "உமதுநிமித்தம் எல்லாரும் இடறலடைந்தாலும், நான் ஒருக்காலும் இடறலடையேன்" என்று, இயேசு கைதான அந்த இரவிலேயே மார்தட்டியவர். சில மணி நேரத்தில் பிரதான ஆசாரியனின் முற்றத்தில், கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு, ஒரு வேலைக்காரப் பெண்ணிடமே அவரைத் தெரியாது என்கிறார். கலிலேயப் பேச்சு காட்டிக்கொடுத்ததும் சபிக்கவும் சத்தியம் பண்ணவும் தொடங்கினார் என்று மத்தேயு எழுதுகிறார். மூன்று முறை மறுதலிப்பு, சேவல் கூவல், வெளியே போய் மனங்கசந்து அழுகை. இது வரை ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

பலர் வேகமாகக் கடந்துபோகும் சில விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, மறுதலிப்புக்கு முன்பே இயேசு பேதுருவிடம் பேசிவிட்டார்: "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து." அதாவது விழுவான் என்று தெரியும், எழுவான் என்றும் தெரியும், எழுந்த பின் செய்ய வேண்டிய வேலையும் முன்கூட்டியே குறித்து வைக்கப்பட்டாயிற்று.

அடுத்து, மாற்கு 16:7. வெறும் கல்லறையில் பெண்களிடம் தரப்பட்ட செய்தி "அவருடைய சீஷர்களுக்கும் பேதுருவுக்கும்" போகிறது. சீஷர்கள் என்றாலே பேதுருவும் அதில் அடக்கம்தானே, தனியாகப் பெயர் சொல்வானேன்? அந்த மூன்று நாளில் "நான் இன்னும் சீஷன்தானா" என்று சந்தேகப்பட்டிருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

அப்புறம் யோவான் 21. திபேரியாக் கடலோரம், விடியற்காலை, மறுபடியும் ஒரு கரிநெருப்பு, அதன்மேல் மீன். சாப்பிட்டு முடித்த பிறகே கேள்வி வருகிறது. "ஏன் மறுதலித்தாய்?" என்று இயேசு கேட்கவில்லை, "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார் என்று வசனமே சொல்கிறது. காயத்தைத் தொடாமல் கட்டுப்போட்டு அனுப்பிவிடவில்லை. ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் ஒரு வேலை வந்தது: என் ஆடுகளை மேய்ப்பாயாக.

இத்தோடு பேதுரு பரிசுத்தவானாகி எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், கலாத்தியர் 2-ஐ வாசிக்க வேண்டும். ஆண்டுகள் கழித்து அந்தியோகியாவில், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும், புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிடுவதைப் பயந்துபோய் நிறுத்திவிட்டார். பவுல் முகமுகமாய் எதிர்த்தார். மற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்ற அதே பழைய பயம். பந்தியில் யாரோடு உட்காருவது என்ற கணக்கு இன்னும் ஒழியாத நம் சபைகளுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கும்.

பேதுருவுக்குக் கிடைத்தது யூதாஸுக்கு ஏன் கிடைக்கவில்லை?

யூதாஸ் வருந்தவில்லை என்று சொல்ல முடியாது. மத்தேயு 27-இன்படி அவன் மனஸ்தாபப்பட்டான், முப்பது வெள்ளிக்காசைத் திரும்பக் கொண்டுவந்தான், "குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று வாய் திறந்து அறிக்கையும் செய்தான். நாம் கற்பிக்கும் மனந்திரும்புதலின் பாதிப் படிகளை அவன் ஏறிவிட்டான். ஆனால் இயேசுவிடம் போகவில்லை, ஆசாரியர்களிடம் போனான். அவர்கள் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு."

யூதாஸின் நித்திய நிலையைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பதிலைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். உடைந்துபோன ஒருவன் மத அதிகாரிகளிடம் வந்து பாவத்தை ஒப்புக்கொள்கிறான், அவர்கள் கைகழுவுகிறார்கள். பேதுருவுக்குக் குறைந்தபட்சம் மற்ற சீஷர்கள் இருந்தார்கள். அவர்களோடுதான் மீன்பிடிக்கவும் போனார்.

தொடக்ககாலச் சபை விழுந்தவர்களை என்ன செய்தது?

இந்தக் கேள்விக்காகவே ஒரு சபை இரண்டாக உடைந்தது.

கி.பி. 249-இன் கடைசியில் ரோமப் பேரரசன் டேசியஸ், பேரரசில் உள்ள எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று உத்தரவிட்டான். பலியிட்டவர்களுக்கு அதிகாரிகள் சான்றிதழ் கொடுத்தார்கள். எகிப்தின் மணலிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் கிடைத்திருக்கின்றன. பெயர், ஊர், "உங்கள் முன்னிலையில் பலியிட்டேன்" என்ற வாசகம், சாட்சிக் கையெழுத்து என்று நம் தாலுகா ஆபீஸ் தாள் போலவே இருக்கும். கிறிஸ்தவர்களில் சிலர் உயிரைக் கொடுத்தார்கள். பெருந்திரளானவர்கள் பலியிட்டார்கள். இன்னும் சிலர் பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சான்றிதழை வாங்கிக்கொண்டார்கள்.

துன்புறுத்தல் ஓய்ந்ததும் இவர்களெல்லாம் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரப் பேராயர் சிப்ரியானுக்குப் பெரிய தலைவலி. அவரே அந்த நாட்களில் மறைந்திருந்து கடிதம் மூலமாகச் சபையை நடத்தியவர். அதற்காக ஏச்சும் வாங்கியவர். ஒரு பக்கம், சிறையில் துன்பப்பட்டவர்களிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு "இன்றைக்கே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். மறுபக்கம், வேறு சிலர் "ஒருநாளும் சேர்க்கக் கூடாது" என்றார்கள். 251-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் நடுவழி ஒன்றைப் பிடித்தார்கள். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்க்கலாம். பலியிட்டவர்கள் நீண்ட காலம் மனந்திரும்புதலின் ஒழுங்கில் இருக்க வேண்டும், மரணத் தறுவாயில் சேர்க்கப்படுவார்கள். ஓரிரு ஆண்டுகளில் மறுபடியும் துன்புறுத்தல் வரும் போலிருந்ததும் அந்த ஒழுங்கில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். போராட்டத்துக்குப் போகிறவர்களைத் திருவிருந்து இல்லாமல் அனுப்பக் கூடாது என்பதுதான் காரணம். முன்பு மறைந்திருந்த சிப்ரியான் 258 செப்டம்பர் 14 அன்று தலை வெட்டப்பட்டு இரத்தசாட்சியாக இறந்தார்.

ரோமில் நோவேஷியன் என்பவர் இதை ஏற்கவில்லை. விசுவாசத்தை மறுதலித்தவரைச் சேர்க்கச் சபைக்கு அதிகாரமே இல்லை என்று பிரிந்துபோய்த் தனிச் சபை கண்டார். அந்தப் பிரிவு நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது. 325-இல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கத்துக்கு அந்தப் பிரிவின் ஆயர் அகேசியஸும் வந்திருந்தார். ஏன் தனியாக இருக்கிறீர்கள் என்று பேரரசன் கான்ஸ்டன்டைன் கேட்டதற்குத் தங்கள் கண்டிப்பை விளக்கினாராம். "அகேசியஸ், ஓர் ஏணியைப் போட்டு நீர் மட்டும் தனியாகப் பரலோகத்துக்கு ஏறிக்கொள்ளும்" என்றானாம் பேரரசன். ஐந்தாம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ் இதைப் பதிவுசெய்திருக்கிறார்.

மன்னிப்புக் கிடைத்துவிட்டால் விளைவுகளும் நீங்கிவிடுமா?

இல்லை. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் கொல்லவைத்த தாவீது ராஜா "பாவஞ்செய்தேன்" என்ற அதே மூச்சில் தீர்க்கதரிசி நாத்தான் "கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்றார். ஆனாலும் பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்ற வார்த்தையை அவர் திரும்பப் பெறவில்லை. உரியாவும் உயிரோடு வரவில்லை. மன்னிக்கப்பட்டவர் கடனைக் கட்ட வேண்டியிருக்கும், வழக்கைச் சந்திக்க வேண்டியிருக்கும், பிள்ளைகளின் கோபத்தைத் தாங்க வேண்டியிருக்கும். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைப் பிலேமோனிடம் திருப்பி அனுப்பியபோது நஷ்டம் ஒன்றும் இல்லை என்று பவுல் சாதிக்கவில்லை. "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்றுதான் எழுதினார்.

பாவத்தில் விழுந்த ஊழியக்காரருக்குப் பழைய இடத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டுமா? கிருபை என்றால் அதுதானே?

இங்கே நான் கறாராகவே பேசுகிறேன். கிருபை ஒரு மனிதரைத் தேவனோடும் சபையோடும் ஒப்புரவாக்குகிறது. மைக்கையும் பதவியையும் பணப்பெட்டியையும் யாருக்கும் உரிமையாக்குவதில்லை. பணத்தில் கைவைத்தவர் சபையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து திருவிருந்து வாங்கலாம். கணக்குப் புத்தகம் வேறொருவரிடம் இருக்கட்டும். அதுவும் அவருக்குக் காட்டும் அன்புதான்.

சிறுவர் சிறுமியர் மீதான பாலியல் குற்றமென்றால் பேச்சே வேறு. இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அப்படி ஒன்று நடந்தது தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது தனிக் குற்றம். "அவர் அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டார், சபைக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்" என்கிற மூப்பர்கள் கிருபையைக் காட்டவில்லை, உடைந்துபோன பிள்ளையை இரண்டாம் முறை உடைக்கிறார்கள். பாதிக்கப்பட்டவரிடம் போய் "நீ மன்னிக்க வேண்டும்" என்று நெருக்குவதும் இதே வகைதான். உடைந்தவர்களுக்கான கிருபை என்று பேசினால் முதலில் அவர்கள் பக்கம்தான் போய் நிற்க வேண்டும்.

மனந்திரும்பிய ஒருவர் ஒரே நாளில் மாறிவிடுவாரா?

சாட்சி சொல்லும் நேரத்தில் கேட்டால் அப்படித்தான் தோன்றும். தேதி, நேரம் எல்லாம் சொல்வார்கள். ஜான் நியூட்டனின் வாழ்க்கை வேறு விதமாகச் சொல்கிறது.

"அமேசிங் கிரேஸ்" பாடலை எழுதியவர் அடிமை வியாபாரி என்பது தெரிந்த கதை. 1748 மார்ச்சில் கடும் புயலில் கப்பல் மூழ்கப்போகும் நிலையில் தேவனை நோக்கிக் கூப்பிட்டார் என்பதும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகும் அவர் அந்தத் தொழிலை விடவில்லை. 1750-க்கும் 1754-க்கும் இடையில் மூன்று பயணங்களில் அடிமைக் கப்பலின் கேப்டனாக இருந்தார். மேலே ஜெபம், கீழே தளத்தில் சங்கிலியில் மனிதர்கள். கடல் வேலையை விட்டதற்கும் உடல்நலக் குறைவே காரணம். 1764-இல் குருவானவரானார். அந்தப் பாடல் 1773 புத்தாண்டு ஆராதனைக்கானது. அடிமை வியாபாரத்தை வெளிப்படையாகக் கண்டித்து, தன் பங்கையும் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு அவர் எழுதிய சிறுநூல் வந்தது 1788-இல்தான், அதாவது கடலைவிட்டு 34 ஆண்டுகள் கழித்து. பிரிட்டன் அந்த வியாபாரத்தைத் தடைசெய்த 1807-இன் டிசம்பரில் அவர் இறந்தார்.

இதை வைத்து அவர் மனந்திரும்புதலே பொய் என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த 34 ஆண்டுகளைப் "படிப்படியான வளர்ச்சி" என்று நாசூக்காகக் கடந்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த மெதுவான மாற்றத்துக்குள் வேறு மனிதர்களின் உயிர்கள் போய்க்கொண்டிருந்தன.

குடியை விட முடியவில்லை. ஜெபித்து ஜெபித்து மறுபடி விழுகிறேன். தேவன் சலித்துப்போவாரா?

எழுபதுதரம் ஏழுமட்டும் மன்னிக்கச் சொன்னவர் தாம் மட்டும் ஏழோடு நிறுத்திவிடுவாரா? "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்பதும் வேதத்தில் உள்ளதுதான். ஆனால் அது குடிப்பதற்குச் சாக்குத் தேடுகிறவருக்கானது. விழுந்து அழுகிறவரிடம் அந்த வசனத்தை எறியக் கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம். பல ஆண்டுகள் அதிகமாகக் குடித்தவர் உபவாசக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்துத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்துங்கள். மருத்துவரின் கையைத் தேவன் பயன்படுத்துவதில் விசுவாசக் குறைச்சல் ஒன்றுமில்லை.

வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு விசுவாசி சொல்லலாமா?

எலியா சொன்னார். கர்மேல் மலையில் அக்கினி இறங்கிய கையோடு, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். தேவதூதன் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், சாப்பிட்டுத் தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச்செல்லாம் பிறகுதான்.

அப்படி எண்ணம் வருகிறவர்கள் இன்றைக்கே நெருங்கிய ஒருவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பம், "அவருக்கு மன்னிப்பே இல்லையா" என்று கேட்டால், இல்லை என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது. அப்படி இறந்தவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்று கத்தோலிக்க மறைக்கல்வியே வெளிப்படையாகச் சொல்கிறது.

பல வருஷமாகச் சபைக்குப் போகவில்லை. திரும்பிப் போக வெட்கமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் காத்திருக்க வேண்டாம். கூட்டத்தில் எல்லாரும் விசாரிப்பார்கள். சாதாரணமான ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள், பின்வரிசையில் உட்காருங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) அல்லது லூத்தரன் ஆராதனையென்றால் பாவ அறிக்கை ஜெபத்தைப் போதகரும் சேர்ந்து எல்லாரும் ஒன்றாகச் சொல்வார்கள், உங்களைத் தனியாக யாரும் எழுப்பி நிறுத்தமாட்டார்கள். கத்தோலிக்கரானால் ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவிடம் "நீண்ட நாளாயிற்று, முறை மறந்துவிட்டது" என்றே தொடங்கலாம். அவரே வழிநடத்துவார். நீங்கள் சொல்வது அவரோடு நின்றுவிடும்.

முழுக் கதையையும் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வாயைக் காக்கத் தெரிந்த ஒரே ஒரு ஆளிடம் சொன்னால் போதும். மேடையேறிச் சாட்சி சொல்லச் சொல்லி உடனே யாராவது அழைத்தால், "கொஞ்ச நாள் போகட்டும் அண்ணே" என்று மறுத்துவிடுங்கள். ஆறாத காயத்தை மேடையில் திறந்து காட்டியவர்கள் பலர் அதற்குப் பிறகு சபைப் பக்கமே வரவில்லை.

உங்களைப் பார்த்து முகம் திருப்புகிறவர்களும் இருப்பார்கள். ஊழியப் பயணத்தில் பம்பிலியா என்ற இடத்தில் பாதி வழியில் விட்டுவிட்டுப் போன மாற்குவைப் பவுல் மறுபடி சேர்த்துக்கொள்ள மறுத்தார். அதற்காக உடன் ஊழியரான பர்னபாவோடு சண்டையே போட்டுப் பிரிந்தார். பர்னபாதான் மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். அதே பவுல் கடைசி நாட்களில் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். உங்கள் சபையில் பர்னபா யாரென்று முதலில் பாருங்கள். பவுல்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.